ஏழாம் மாடிக்கு வந்த கடல்

உலகப் படத்தில் கடுகு சிந்தியது போலக் கிடக்கும் தீவுகளில் ஒன்றுக்குக் காசு கட்டிப் பிரஜையாக வேண்டுமென்று சிவகடாட்சம் முதலாளி விண்ணப்பித்துக் கையெழுத்து வைத்த அன்று, மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு, வெள்ளவத்தையில் அவருடைய ஏழாம் மாடி வீட்டுக்குள் அந்தத் தீவின் கடல் வந்தது.

பல்கனிப் பக்கமாக வந்தது. முதல்முறை வீடு பார்க்க வரும் சம்பந்தி வீட்டார் போல வாசலில் சற்றுத் தயங்கி, பிறகு ஹோல் தரையை நனைத்து, சோபாக் கால்களைச் சுற்றிக்கொண்டு, சாமியறைப் படியைத் தொட்டும் தொடாமலும் திரும்பி, குசினிக்குள் எட்டிப் பார்த்து, எச்சில் தட்டுகளோடு நின்ற மனைவி ஞானமலரின் கணுக்கால் வரைக்கும் ஏறி அங்கே நின்றது. இளஞ்சூடாக இருந்தது. பச்சைக் கண்ணாடியை உருக்கி ஊற்றியது போல அடித்தரை தெரிந்தது. இரண்டு தெரு தள்ளி, தண்டவாளத்துக்கு அப்பால், இத்தனை வருஷமாக அவள் கேட்ட சாம்பல் நிறக் கடல் வழக்கம் போலக் கல்லில் மோதிச் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, வீட்டுக்குள் வந்த கடலோ சத்தமே இல்லாமல் காலடியில் மூச்சு விட்டது.

“இஞ்சேருங்கோ,” என்றாள். “கடல் வந்திருக்கு.”

சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்திருந்த கடாட்சத்தார் காலைக் கீழே வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். குனிந்து விரலைத் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார். புறக்கோட்டைக் கடைத்தெருவில் மாசி மீனும் கருவாடும் விற்றே தலை நரைத்தவர். எந்த உப்பு எந்தக் கரையில் விளைந்தது என்று அவருடைய நாக்குக்குத் தெரியும்.

“இது எங்கட கடல் இல்லை, மலர்,” என்றார். “உப்பில ஒரு இனிப்பு நிக்குது. அங்கத்தது.”

பின்னேரத் தேத்தண்ணி நேரத்தில் அது வந்த வழியே இறங்கிப் போயிற்று. சோபாவின் கீழ் ஒரு சிப்பி கிடந்தது. ஆறாம் மாடியில் ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

விண்ணப்பங்களைக் கவனித்த முகவர் பஸ்லிக்குத் தொலைபேசி எடுத்தபோது அவன் ஆச்சரியப்படவில்லை. “வந்துட்டா? நல்ல சகுனம் முதலாளி. விண்ணப்பம் போட்ட எல்லா வீட்டுக்கும் வரும். அங்கத்த கடல் உங்கள ஒருக்கா பாத்துட்டுப் போகுது, அவ்வளவுதான். பூர்வாங்க அனுமதி கிடைச்சா கொஞ்சம் ஏறும். பயப்பட வாணாம். சோபாவுக்குக் கீழ கல் வைங்க.”

சோபாவுக்குக் கீழே கல் வைத்தார்கள்.

கடாட்சத்தாரைக் குறை சொல்ல முடியாது. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அவருடைய முதல் கடை எரிந்தது. மீன் எரிந்த புகை தலைமயிரில் இருக்க, சரக்குக் கப்பலில் காங்கேசன்துறைக்கு ஏற்றப்பட்ட சனங்களோடு சனமாக மேல்தட்டில் நின்றபோது, இல்லாத கடையின் சாவிகள் தொங்கும் திறப்புக் கோர்வை அவருடைய கையில் இருந்தது. திரும்பி வந்தார். ஒரு மூடை மாசியில் மறுபடி தொடங்கினார். பக்கத்தில் சின்னக் கடை, பிறகு பெரிய கடை, பிறகு இந்த வீடு. இப்போது வயது எழுபதைத் தொடும் வேளையில் நாடு மறுபடி கொதித்தது. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. அடுத்த கிழமை யார் ஆளுவார் என்று ஆளுகிறவர்களுக்கே தெரியாது. இந்த முறை கூட்டம் கோபப்பட்டது தமிழர்மேல் அல்ல, அது அவருக்கும் தெரியும். ஆனால் தூரத்தில் கூட்டத்தின் இரைச்சல் கேட்டால் அவருடைய உள்ளங்கால் சூடேறும். கப்பல் தட்டின் இரும்பு அங்கே இன்னும் ஒட்டியிருந்தது.

“போன முறை எங்களை ஏத்தினாங்கள்,” என்பார். “இந்த முறை நானே டிக்கெட் எடுத்து ஏறுவன்.”

கடல் தினமும் வந்தது. வெள்ளவத்தை அதைப் பெரிதுபடுத்தவில்லை. வரிசைகளில் நின்று களைத்த ஊருக்கு, தண்ணீர் தானாக வீடு தேடி வருவது ஒரு வசதியாகவே பட்டது. மூன்றாம் மாடி மாணிக்கக்கல் வியாபாரியின் வீட்டுக்கு வற்றுப் பெருக்கு இல்லாத ஏதோ ஐரோப்பியக் கடல் வந்து, போகத் தெரியாமல் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தது. எதிர்க் கட்டடத்தில், கடலே இல்லாத மலைநாடு ஒன்றுக்கு விண்ணப்பித்த சீமெந்து வியாபாரியின் வீட்டுக்குள் பனிமூட்டமும் மாட்டு மணிச் சத்தமும் மட்டும் வந்தன. அவருடைய மனைவி சித்திரை வெயிலில் கம்பளிச் சட்டையோடு மூக்கைச் சிந்திக்கொண்டு திரிந்தாள். கடல் உள்ள வீட்டார் ஈரக் காலோடு லிப்டில் ஏறக்கூடாது என்று குடியிருப்போர் சங்கம் கூட்டம் வைத்துத் தீர்மானித்தது. சாமியறைப் படியில் அந்தக் கடல் படலாமா என்று கேட்கப் போன ஞானமலரிடம் கோயில் குருக்கள், “வந்த தண்ணி எல்லாம் தீர்த்தம்தான் அம்மா. ஆனா காலில பட்டதைத் தலையில தெளிக்காதையுங்கோ,” என்றார்.

மின்சாரம் நின்ற மத்தியானங்களில் ஆறாம் மாடி பியசீலி நோனா பிளாஸ்டிக் கதிரையோடு மேலே வருவாள். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கணவனை இழந்தவள், உடைந்த தமிழை வெட்கமில்லாமல் பேசுகிறவள். கவுணைச் சற்றே தூக்கிச் செருகி, காலைத் தண்ணீரில் வைத்து, விசிறி மட்டையால் வீசிக்கொள்வாள்.

“மலர் அக்கா, இன்னிக்கு உங்க கடல் லேட்.”

“அதுக்கும் எங்கயோ வரிசையாக்கும்.”

“வரிசையில நின்னாலும் வருது. எங்க வீட்டு காஸ் மட்டும் வராது.”

இரண்டு பெண்களும் பச்சைத் தண்ணீரில் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அந்த மத்தியானங்கள் நன்றாகத்தான் இருந்தன. பின்னாளில் நினைத்தபோது, அந்த வருஷத்தின் பசியும் இருட்டும் மறந்துபோய், பியசீலியின் பெருவிரலை மணந்து பார்த்துவிட்டுப் போன குட்டி மீன்களே ஞானமலருக்கு முதலில் நினைவில் எழுந்தன.

அந்த மீன்களில்தான் கடாட்சத்தார் பிழை விட்டார். வேறொருவர் விட முடியாத பிழை.

பூர்வாங்க அனுமதி வந்து தண்ணீர் முழங்கால் வரை ஏறியபோது பெரிய மீன்களும் வரத் தொடங்கின. கிளிமீனின் நிறமும் பாரையின் உடம்புமாக, பெயர் தெரியாத மீன்கள். கடல் வற்றி இறங்கும்போது சில சோபாவுக்கும் தொலைக்காட்சி மேசைக்கும் இடையில் மாட்டிக்கொண்டு துடித்தன. வேறு வீடுகளில் பிள்ளைகள் அவற்றை வாளியில் பிடித்து வைத்து, அடுத்த நாள் கடல் வந்ததும் திருப்பி விட்டார்கள். ஆனால் கண்முன்னே ஒரு மீன் வீணாவதை கடாட்சத்தாரின் கை பொறுக்காது. மாலைதீவிலிருந்து மாசி வந்து மாதக்கணக்காகிக் கடை காய்ந்து கிடந்தது வேறு. அலுமாரிக்கு மேலிருந்த பழைய கத்தியை எடுத்தார். வயிற்றைக் கீறி, குடலை எடுத்து, செவுளுக்குள் விரலால் உப்பை அழுத்தி, பல்கனிக் கயிற்றில் வரிசையாகக் கட்டினார்.

“வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பிடிச்சு உப்புப் போடுறியளே,” என்றாள் ஞானமலர்.

“விருந்தாளி வெறுங்கையோட வரேல்லை எண்டு வைச்சுக்கொள்ளும்.”

அவர் தின்றார். பியசீலிக்குக் கொடுத்தார். மிச்சத்தைத் தீவுக் கருவாடு என்று பெயர் வைத்துக் கடையில் கட்டித் தொங்கவிட்டார். வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிரட்டினால் சோற்றுக்கு வேறொன்றும் தேவையில்லை என்று புறக்கோட்டை முழுவதும் பேசிக்கொண்டது. ஞானமலர் தொடவில்லை. அவளுக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது; மீன் வியாபாரியின் வீட்டில் அவள் மீன் தொட்டு வருஷங்கள் பல.

ஒரு கிழமைக்குள் தின்றவர்களுக்கு ஊர் நினைவு வந்தது. தங்கள் ஊர் நினைவு அல்ல. அந்தத் தீவின் நினைவு. ஒருநாளும் கண்டிராத சிவப்பு மண் பாதை மேலேறிப் போகிறது, மேலே மஞ்சள் தேவாலயம் ஒன்று நிற்கிறது, முற்றங்களில் ஜாதிக்காய் காய்கிறது, யாரோ ஒருத்தி மதிலுக்கு மேலால் சிரித்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். பெற்றோல் வரிசையில் முச்சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு நின்ற தெமட்டகொடைக்காரன் ஒருவன் பெருமூச்சு விட்டு, “இந்த நேரம் எங்க ஊர்ல ஜாதிக்காய் காயப்போட்டிருப்பாங்க,” என்றான். பின்னால் நின்றவன் சண்டைக்குப் போகவில்லை. “மழை வந்தா ஆர் அள்ளி வைக்கிறது?” என்று கண் கலங்கினான். பியசீலி ஒரு மத்தியானம் வந்து கதிரையில் அமராமலே அழுதாள்.

“நான் பௌத்தம், மலர் அக்கா. ஆனா அந்த மஞ்சள் கோயில் மணி கேட்டா அம்மா ஞாபகம் வருது. எங்க அம்மா மாத்தறையில செத்தது. அங்க ஏன் ஞாபகம் வருது?”

பஸ்லியின் பாடு பெரும்பாடாயிற்று. அவனுடைய கந்தோர் வாசலில் சனம் நின்றது. காசு இருக்கிறவர்கள் அல்ல. சுமை தூக்குகிறவர்கள், மரக்கறி விற்கிறவர்கள், பள்ளிக்கூட வாத்திமார். “ஆன்ட்டி, பாதுகாப்புக்கு நாடு கேட்டு வாரவங்களத்தான் எனக்குத் தெரியும்,” என்று ஞானமலரிடம் வந்து சொன்னான். “இவங்க ஊருக்குப் போகணும் எண்டு அழுறாங்க. அனுப்புறதுக்கு எங்கிட்ட என்ன ஈக்கி? முதலாளிய அந்தக் கருவாட்ட நிப்பாட்டச் சொல்லுங்க.”

கடாட்சத்தார் நிற்பாட்டினார். ஆனால் வயிற்றுக்குள் போனது போனதுதான். இரவில் தூக்கத்தில் அவர் சிவப்பு மண் பாதையில் ஏறினார். முதலில் பயத்தால் வெளிக்கிட்டவர் இப்போது ஏக்கத்தால் வெளிக்கிட்டார்; பயத்துக்குச் சமாதானம் சொல்லலாம், ஏக்கத்துக்கு என்ன சொல்வது? ஞானமலருக்கு ஏக்கம் எப்படியிருக்கும் என்று தெரியும்.

அவளுடைய ஏக்கம் அந்த வீட்டின் முன்கதவில் இருந்தது.

அது முதிரைக் கதவு. வீடு வாங்கிய வருஷம் கடாட்சத்தார் வவுனியாவிலிருந்து லொறியில் மரம் இறக்கிச் செய்வித்தது. அதிலே இரண்டு சுற்றுப் பூட்டு ஒன்று. திறப்பைப் போட்டு, கதவைச் சாடையாக, ஒரு நூல் அளவு, மேலே தூக்கிப் பிடித்து, ஒரு சுற்று. பிறகு இன்னொரு சுற்று. தூக்கிப் பிடிக்காவிட்டால் திரும்பாது. அது வீட்டாருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

ஞானமலரின் தம்பி குகதாசனுக்கும் தெரியும். தாய் இறந்தபோது அவன் சின்னப் பிள்ளை, அவள்தான் வளர்த்தாள், கலியாணம் முடித்து வரும்போது கூடவே கூட்டி வந்தாள். வளர்ந்து அத்தானின் கடையைப் பார்த்துக்கொண்டான். ஆட்களைத் தூக்கிக்கொண்டுபோகும் வெள்ளை வான்கள் திரிந்த காலத்தில் ஒரு காலை, அவள் குளித்துக்கொண்டிருந்தபோது, குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, “அக்கா, பாண் வாங்கிக்கொண்டு வாறன். உங்கட திறப்பைக் கொண்டுபோறன்,” என்றான். அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஓம் என்றாள். பேக்கரிக்காரர் அவனுக்குப் பாண் கொடுத்ததைச் சொன்னார். அதற்குப் பிறகு அவனைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. பொலிசிலும் முகாம்களிலும் ஆணைக்குழுக்களின் முன்னும் கடாட்சத்தார் அவளோடு போய், வெயிலில் அவளுக்குக் குடை பிடித்து நின்றிருக்கிறார். வீட்டுக்குத் திரும்பும்போது ஒவ்வொரு முறையும் அவள் கேட்பது அந்தச் சத்தத்தைத்தான்: ஒரு சுற்று, கொஞ்சம் இடைவெளி, மறு சுற்று. குகன் திறந்தால் அந்த இடைவெளி இருக்கும்; பாண் பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றுவான்.

வீட்டில் எல்லாம் மாறின. தரை மாறியது, குசினி மாறியது, தொலைக்காட்சி மூன்று தரம் மாறியது. பூட்டு மட்டும் மாறவில்லை. அதை மாற்றவேண்டும் என்று கடாட்சத்தார் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

அந்தப் பூட்டைத்தான் தீவின் கடல் தின்னத் தொடங்கியது. பின்னணி விசாரணை முடிந்து தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது பித்தளையில் பச்சை பூத்தது. ஞானமலர் ஒவ்வொரு வற்றுக்குப் பிறகும் பழந்துணியும் தேங்காய் எண்ணெயும் கொண்டுவந்து கதவடியில் இருந்து, துவாரத்துக்குள் ஒரு சொட்டு விட்டு, கணவருடைய திறப்பைப் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். தேங்காய் எண்ணெய் கிடைக்காத நாட்களில் சாமி விளக்கிலிருந்து எடுத்தாள்.

“நீர் இன்னும் கையெழுத்து வைக்கேல்லை,” என்றார் கடாட்சத்தார், அவளுக்குப் பின்னால் நின்று. “கடைசிப் பத்திரத்தில ரெண்டு பேரும் வைக்கோணுமாம்.”

“நான் வந்தா இந்த விலாசத்தில ஆர் இருக்கிறது?”

“விலாசம் எங்கயும் ஓடாது, மலர்.”

“அவனுக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது இது ஒண்டுதான். ஸ்கூலுக்குச் சேர்க்கேக்க நான் சொல்லிக் குடுத்தது. துலைஞ்சா இதைச் சொல்லு எண்டு.”

அவர் குனிந்து அவளுடைய கையிலிருந்த துணியை வாங்கி, அவள் விட்ட இடத்திலிருந்து துடைத்தார். “எனக்கு இன்னொருக்கா எரியிறதைப் பாக்கேலாது,” என்றார். “நெஞ்சு காணாது.”

“தெரியும்.”

“உமக்கு வரேலாது. அதும் எனக்குத் தெரியும்.”

இருவரும் மற்றவர் சொல்வது சரி என்று அறிந்திருந்தார்கள். அதனால்தான் அந்த வீட்டில் சண்டை வரவில்லை. சண்டை வந்திருந்தால் யாராவது ஒருவர் தோற்றிருக்கலாம்.

இறுதி அனுமதி வந்த நாள் ஊரடங்கு நாள். காலிவீதிப் பக்கம் கூட்டம் கத்திக்கொண்டு போயிற்று. கடாட்சத்தார் கதவை இரண்டு சுற்றும் பூட்டிவிட்டுப் பூட்டோடு முதுகைச் சாய்த்து நின்றார். மத்தியானம் கடல் வந்தது. பூட்டின் வாய்க்கு மேலே ஏறி நின்றது. சோபாவும் கதிரைகளும் மிதந்தன. சாமி படங்களை முதலே உயரத்தில் ஏற்றியிருந்தார்கள். இருவரும் குசினி மேடையில் பக்கத்துப் பக்கத்தில் ஏறி இருந்தார்கள். தண்ணீருக்குள் அந்தப் பூட்டு மட்டும் மங்கலாக மினுங்கிற்று.

வற்று இறங்கத் தொடங்கிய நேரம் கதவு தட்டப்பட்டது. ஊரடங்கு அனுமதிச்சீட்டோடு பஸ்லி வந்திருந்தான். பக்கத்தில் பியசீலியின் குரல்.

“முதலாளி, திறங்க! ஆன்ட்டிட சைன் ஒண்டுதான் மிச்சம்!”

கடாட்சத்தார் திறப்பைப் போட்டார். தூக்கிப் பிடித்தார். திரும்பவில்லை. ஞானமலர் வாங்கிப் போட்டாள், தூக்கிப் பிடித்தாள், தம்பியின் பெயர் சொல்லிக் கெஞ்சினாள். பூட்டு அசையவில்லை.

“பூட்டை உடைங்க,” என்றான் பஸ்லி வெளியிலிருந்து. “நான் சுத்தியல் கொண்டுவரவா?”

“பூட்டில கை வைச்சியோ தெரியும்!” என்றாள் ஞானமலர். அவள் யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை.

“மலர் அக்கா,” என்றாள் பியசீலி கதவுக்கு அப்பாலிருந்து, “உடைக்க வேணாம். ஆனா உள்ளுக்கே இருந்து சாகவும் வேணாம்.”

கடாட்சத்தார் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போய், மாசி வெட்டும் கத்தியை எடுத்து வந்தார். பூட்டின் பக்கம் போகவில்லை. எதிர்ப்பக்கம், கதவை நிலையோடு சேர்க்கும் பிணைச்சல் பக்கம் குந்தினார். ஆணி ஆணியாக நெம்பினார். கடைசிப் பிணைச்சலும் கழன்றபோது முழுக் கதவும் ஒரு பெருமூச்சோடு அவருடைய தோளில் சாய்ந்தது. பூட்டின் நாக்கு நிலையிலிருந்து நழுவி வெளியே வந்தது, உடையாமல், பூட்டியபடியே.

முதிரை மிதக்காது என்பார்கள். அந்தக் கடலில் மிதந்தது. இறங்கும் தண்ணீர் கதவைப் பல்கனிப் பக்கமாக இழுத்தது. ஞானமலர் பாய்ந்து அதன் விளிம்பைப் பிடித்தாள். கைக்குள் பூட்டு வந்தது. பச்சை பூத்த பித்தளை, அவள் எண்ணெய் விட்ட துவாரம். கடல் பொறுமையாக இழுத்தது. அவளுக்குப் பின்னால், கதவிருந்த இடத்தில், வெறும் நிலைக்குள்ளால், மாடிப்படி தெரிந்தது, லிப்ட் தெரிந்தது, வாயைப் பிளந்தபடி நின்ற பஸ்லியும் பியசீலியும் தெரிந்தார்கள். இத்தனை வருஷத்தில் அந்த இடம் அவ்வளவு அகலமானது என்று அவள் அறிந்ததில்லை.

“கதவில்லாட்டி,” என்றாள் மெல்ல, தனக்குத்தானே போல, “அவனுக்குத் திறப்பு என்னத்துக்கு?”

கையை விட்டாள்.

கதவு பல்கனிக் கம்பிகளை இல்லாதது போலக் கடந்து, ஏழாம் மாடியின் உயரத்தில், தண்டவாளத்துக்கும் சொந்தக் கடலுக்கும் மேலாக, பச்சைத் தண்ணீரோடு மேற்கே போயிற்று. பஸ்லி பத்திரத்தை நீட்டவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். “முதலாளி தனியப் போகலாம், ஆன்ட்டி,” என்றான். “சட்டத்தில இடம் ஈக்கி.”

கடாட்சத்தார் அடுத்த மாதம் போனார். விமான நிலையத்துக்கு அவள் வரவில்லை. கதவில்லாத வீட்டை விட்டு வர முடியாது என்று இருவரும் காரணம் சொல்லிக்கொண்டார்கள். கதவு இருந்த இடத்தில் நின்று அவளுடைய தலையில் கை வைத்தார். “போட்டு வாறன்,” என்றார். கடல் அதற்குப் பிறகு வரவில்லை.

கதவில்லாத வீட்டையும் வெள்ளவத்தை பழகிக்கொண்டது. பியசீலி ஒரு திரைச்சீலை தைத்துக் கொண்டுவந்தாள், ஞானமலர் வேண்டாமென்றாள். ஒன்றும் களவு போகவில்லை. மாறாக, வந்து சேர்ந்தது. கூட்டத்தில் கண்ணீர்ப்புகை பட்டு ஓடிவந்த பிள்ளைகள் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தார்கள்; மின்சாரம் உள்ள நேரத்தில் தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற மாடிக்காரர் வந்தார்கள்; பிள்ளையையோ புருஷனையோ தேடி வடக்கிலிருந்து வந்து கந்தோர் கந்தோராய் அலைகிற பெண்கள், படத்தை மார்போடு பிடித்தபடி ஒரு மத்தியானம் படுத்து எழும்பிப் போனார்கள். முன்பு ஒரே ஒரு சத்தத்துக்குக் காது கொடுத்தவள் இப்போது எல்லாக் காலடிக்கும் தலை நிமிர்ந்தாள். ஒவ்வொன்றும் அவனாக இருக்கலாம். அநேகமாக யாராவது ஒருவர் பசியோடு இருப்பார்.

கடாட்சத்தார் நாள் தவறாமல் தொலைபேசி எடுப்பார். அவளுக்கு அந்திப்பொழுது, அவருக்குக் காலை. சிவப்பு மண் பாதை இருக்கிறது என்றார். மஞ்சள் தேவாலயமும் இருக்கிறது. ஜாதிக்காயும் காய்கிறது. ஆனால் அங்கே கால் வைத்த நிமிஷமே மீன் தந்த ஏக்கம் இறங்கிப்போய்விட்டது.

“இப்ப எனக்கு வெள்ளவத்தைதான் கனவில வருது, மலர். அந்தக் கோதாரி விழுந்த ஹோர்ன் சத்தம். மார்க்கட்டுக்குப் பின்னால நாறுமே, அந்த நாத்தம்.”

“இஞ்சத்த மீன் ஒண்டும் தின்னேல்லையே நீங்கள்?”

“எழுபது வருஷமாத் திண்டனே.”

பிறகு ஒருநாள், கதவைக் கண்டேன் என்றார். ஆள் நடமாட்டமில்லாத கரையில், மணலில் நட்டது போல நேராக நிற்கிறது, இலக்கத் தகடும் அப்படியே. யார் நட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. தீவுக்காரர் அதைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். பூட்டின கதவுக்கு மரியாதை கொடுக்கவேண்டும் என்பது அவர்களுடைய வழக்கமாம். அதன் நிழலில் ஒரு கதிரை போட்டு அவர் காலையில் இருக்கிறாராம்.

“எண்ணெய் விடுங்கோ,” என்றாள்.

வரிசைகள் குறைந்து, ஆட்சி மாறி, சனங்கள் அந்த வருஷத்தைப் பழைய கதையாகச் சொல்லத் தொடங்கியிருந்த ஓர் அந்தியில் தொலைபேசி வழக்கத்துக்கு முந்தி அடித்தது. அவருடைய குரல் தாழ்ந்திருந்தது, கோயிலுக்குள் நின்று பேசுகிறவரின் குரல் போல.

“மலர். ஆரோ அங்காலிருந்து திறப்புப் போடினம்.”

அவள் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தாள். “ஆர் எண்டு கேட்டனீங்களோ?”

“கேட்டன். சத்தமில்லை. சுத்திப்போய்ப் பாத்தன், அங்கால மணலும் கடலும்தான். இஞ்சால வந்து காதை வைச்சா திறப்புச் சத்தம். திரும்புதில்லை. முயற்சி பண்ணிக்கொண்டிருக்கு.”

“எண்ணெய்?”

“விட்டிருக்கிறன். காலமைதான் விட்டனான்.”

“அப்ப தூக்கிப் பிடியுங்கோ,” என்றாள். “சாடையாத்தான். அவனுக்குத் தெரியும். எண்டாலும் கனகாலம், கை மறந்திருக்கும். நீங்களும் இஞ்சால பிடிச்சு ஒரு கை குடுங்கோ. போனைப் பூட்டுக்குக் கிட்ட வையுங்கோ.”

மணல் நெரிபட்டது. வயதான மனிதர் ஒருவர் முதிரை மரத்துக்குத் தோள் கொடுத்து மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு, உலகத்தின் மறு கரையிலிருந்து, அவள் காதுக்குள், தெளிவாக, ஒரு சுற்று.

பிறகு இடைவெளி.

கதவில்லாத நிலைக்குள்ளால் அந்திக் காற்று வந்தது. கீழே தெருவில் யாரோ ஹோர்ன் அடித்தார்கள். தண்டவாளத்துக்கு அப்பால் சொந்தக் கடல் சத்தத்தை நிறுத்திக்கொண்டது போல இருந்தது. அவளுடைய கணுக்காலில் இளஞ்சூடாக ஏதோ பட்டது, குனிந்து பார்க்கவில்லை. பாணின் வாசனை வந்ததோ இல்லையோ, அதையும் நிச்சயப்படுத்திக்கொள்ள அவள் விரும்பவில்லை. இத்தனை வருஷமும் அவள் குடியிருந்தது இந்த வீட்டில் அல்ல, இந்த இடைவெளியில்தான் என்று அப்போது அவளுக்குப் பட்டது. பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்ற எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அவனுக்குக் கொடுத்து, தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மறு சுற்றுக்குக் காது கொடுத்தாள்.